ஸ்பீட் டெஸ்டில் 190, விபிஎன் போட்டால் 6: நடுவில் வேகம் எங்கே போகிறது?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர். போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 190க்கு மேல் காட்டுகிறது. ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் (வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பூட்டிய வழி) போட்டதும் 6, 7 என்று படுத்துவிடுகிறது. பகலில் ஓரளவு ஓடுகிறது, ராத்திரி ஷிஃப்டில் இன்னும் மோசம். மீட்டிங்கில் குரல் உடைகிறது. ஆபீஸ் டிரைவில் இருக்கும் எக்செல் ஃபைல் திறக்க ஒரு நிமிஷம் ஆகிறது. மாடி அறையில் உட்கார்ந்து வைஃபையில்தான் வேலை. "அண்ணே, 500 ப்ளானுக்கு மாறட்டுமா, இல்லை கனெக்‌ஷனையே மாற்றிவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். 190 வருகிற லைனில் 6 கிடைக்கிறது என்றால் குறைவது லைனின் அகலம் அல்ல. 500 போட்டாலும் அதே 6தான் வரும், மாதாமாதம் கூடுதல் பணம் போகும். எனக்கும் அப்படி ஒரு வருஷம் போனது, அதைக் கீழே சொல்கிறேன். முதலில் வேகம் எந்த இடத்தில் தொலைகிறது என்று பிடிக்க வேண்டும். உங்கள் அறையிலிருந்து ஆபீஸ் சர்வர் வரைக்கும் நாலைந்து கைமாற்றம் இருக்கிறது. எந்தக் கையில் நழுவுகிறது என்று தெரிந்துவிட்டால் சரி செய்வது பெரும்பாலும் அரை நாள் வேலை.

ஸ்பீட் டெஸ்டை ஏன் நம்பக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த டெஸ்ட் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் சர்வரைத் தேடிப் பிடிக்கிறது, அப்புறம் ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து இழுக்கிறது. நம் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் இருபது பேர் நிற்கும்போது ஒருவர் கை தளர்ந்தாலும் வலை கரைக்கு வந்துவிடும். விபிஎன் அப்படி இல்லை. உங்கள் மெயில், மீட்டிங், ஃபைல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி, தூரத்தில் இருக்கும் ஒரே வாசலுக்கு, அதாவது கம்பெனியின் விபிஎன் சர்வருக்கு, இழுக்கிறது. வழியில் நூற்றுக்கு ஒரு பாக்கெட் (தகவலை நறுக்கி அனுப்பும் சின்னத் துண்டு) தொலைந்தாலும் அந்தக் கயிறு தளர்ந்துவிடும். ஸ்பீட் டெஸ்டில் அது கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று. விபிஎன் போட்டுக்கொண்டு எடுக்கும் ஸ்பீட் டெஸ்ட் எதை அளக்கிறது என்று யோசித்தீர்களா? உங்கள் கம்பெனி எல்லாப் போக்குவரத்தையும் தன் வழியாகவே விடுகிறது என்றால், அந்த 6 என்பது உங்கள் வீட்டு லைனோடு கம்பெனியின் இன்டர்நெட் லைனும் சேர்ந்த கணக்கு. அங்கே ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தாலும் அதே 6தான் காட்டும். அதனால் அந்த எண்ணை வைத்து லைன் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? போனிலிருந்து. போனில் வைஃபையை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போடுங்கள். லேப்டாப்பை அதில் இணைத்து விபிஎன் போட்டு, வழக்கமாக உங்களைக் காயப்போடும் அந்த எக்செல் ஃபைலையே திறந்து பாருங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 4ஜியில் இது நன்றாகத் திறந்தால் ஆபீஸ் பக்கம் சுத்தம், கோளாறு உங்கள் வீட்டிலோ லைனிலோ. ஹாட்ஸ்பாட்டிலும் அதே ஒரு நிமிஷம் என்றால் லேப்டாப், விபிஎன் அமைப்பு, இல்லை ஆபீஸின் வாசல், இந்த மூன்றில் ஒன்று. பத்து நிமிஷ வேலை, தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். பகலில் ஒரு தடவை, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை என இரண்டு முறை செய்யுங்கள்.

அடுத்தது தூரம். விபிஎன் வாசல் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபீஸ் சென்னையில் இருக்கிறது என்பதால் வாசலும் சென்னையில்தான் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றில் ஆள் இங்கே, வாசல் சிங்கப்பூரிலோ ஃப்ராங்ஃபர்ட்டிலோ அமெரிக்காவிலோ இருக்கும். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ராமநாதபுரத்திலிருந்து சென்னை ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். போய்த் திரும்ப 5, 6 மில்லி செகண்ட் போதும். வழியில் இருக்கும் பெட்டிகள், சுற்று வழி எல்லாம் சேர்ந்து நடைமுறையில் 15 முதல் 25 வரைக்கும் வந்தால் நல்ல லைன். அமெரிக்க வாசல் என்றால் 200க்கு மேல்தான். அதை எந்த ப்ளானும் குறைக்காது. செங்கடலில் கேபிள் அறுந்த 2024 மார்ச் மாதிரி, 2025 செப்டம்பர் மாதிரி சமயங்களில் மேற்கே போகும் வழி சுற்றிப் போவதால் இன்னும் ஏறும்.

இந்த மில்லி செகண்ட் வேகத்தை எப்படிக் கடிக்கிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். பழைய மாதிரி எழுதப்பட்ட பல மென்பொருள்கள் 64 கிலோபைட் அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்று பதில் வரும்வரை நிற்கும். பதில் வர 20 மில்லி செகண்ட் என்றால் நொடிக்கு 50 தடவை அனுப்பலாம், அதாவது 26 எம்பிபிஎஸ். பதில் வர 250 மில்லி செகண்ட் என்றால் நொடிக்கு நாலு தடவைதான். 2 எம்பிபிஎஸ். லைன் 200 ஆனாலும் 1000 ஆனாலும் இதே 2தான். ஒரு தடவையில் அனுப்பும் இந்த அளவை (ஜன்னல் என்பார்கள்) பெரிதாக்கும் முறை 1992லேயே வந்துவிட்டது, இன்றைய விண்டோஸ் அதைத் தானாகவே செய்யும். ஆனால் நடுவில் நிற்கும் பழைய ஃபயர்வாலும், கம்பெனிக்கென்று எப்போதோ எழுதிய மென்பொருளும் இன்னும் பழைய கணக்கிலேயே ஓடுவது உண்டு.

உங்கள் எக்செல் ஃபைல் விவகாரமும் இதன் தம்பிதான். ஆபீஸ் டிரைவில் இருக்கும் ஃபைலைத் திறக்கும்போது லேப்டாப் ஒரே மூச்சில் ஃபைலைக் கேட்பதில்லை. இந்த ஃபோல்டர் இருக்கிறதா, எனக்கு அனுமதி உண்டா, யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா, அடுத்த துண்டைக் கொடு என்று நூற்றுக்கணக்கான கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். 800 கேள்வி, கேள்விக்கு 40 மில்லி செகண்ட் என்றால் 32 நொடி போய்விட்டது. ஃபைல் 2 எம்பி தான் இருக்கும். இதற்கு நல்ல வழி, ஃபைலை முதலில் லேப்டாப்புக்குக் காப்பி செய்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவது. கம்பெனி ரிமோட் டெஸ்க்டாப் கொடுத்தால் இன்னும் நல்லது. ஃபைல் ஆபீஸுக்குள்ளேயே இருக்கும், திரையின் படம் மட்டும்தான் உங்களுக்கு வரும்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். நம் கடற்கரை ஊர்களில் நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருந்தது.

லேப்டாப்பில் கருப்புத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ரவுட்டரின் முகவரிக்கே பிங் போடுங்கள். ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் என்று பார்ப்பதுதான் பிங். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். பிங் என்று அடித்து, முகவரி போட்டு, ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பாக்கெட் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை, மாடியிலிருந்து கீழே இருக்கும் பெட்டிக்குப் போய்த் திரும்புகிறது. வரிசையாக 2, 3, 2, 2, 3 என்றுதான் வர வேண்டும். 2, 3, 147, 2, பதில் இல்லை, 3, 210 என்று வந்தால் உங்கள் வைஃபை நழுவுகிறது. அதற்கு மேல் எதையும் தேட வேண்டாம், முதலில் இதைச் சரி செய்ய வேண்டும். வீட்டுக்குள்ளேயே 200 மில்லி செகண்ட் தடுமாறுகிற பாக்கெட், ஆபீஸ் வரைக்கும் போய் மீட்டிங்கில் குரல் உடையாமல் எப்படி வரும்?

பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி கனத்துக்கு இருக்கும். கோடைக்கு அருமையான சுவர், வைஃபைக்கு எதிரி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டும்போதே பலம் இழந்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான், தெருவில் உள்ள அத்தனை வீட்டு ரவுட்டரும் அதிலேயே முட்டிக்கொள்ளும். ராத்திரி எல்லோரும் வீடு திரும்பிய பிறகு இது கூடும். உங்கள் 'ராத்திரி மோசம்' என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். என் தீர்ப்பு ஒன்றுதான்: விபிஎன் வேலைக்கு வயர் இழுங்கள். ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு கேட்5இ அல்லது கேட்6 கேபிள், இரண்டு முனையும் நல்லபடியாகக் கிரிம்ப் செய்தது. அந்தக் காசுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. லேப்டாப் வரைக்கும் வயர் இழுக்க முடியாது என்றால் மாடியில் இன்னொரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை வீசும் பெட்டி) வைக்கலாம். அதற்கும் கீழிருந்து வயர்தான் வர வேண்டும். சிக்னலை வாங்கித் திரும்ப வீசும் மலிவு ரிப்பீட்டரை விபிஎன்னுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே அலையில் வாங்கி அதே அலையில் வீசுவதால் வேகம் பாதியாகும், தாமதமும் கூடும்.

வயர் என்றதும் என் கதை வருகிறது. மண்டபத்தில் எங்கள் வீடு கடலுக்கு அருகில். சில வருஷங்களுக்கு முன் எனக்கும் இதே கோளாறு. ஏற்கெனவே வயரில்தான் இருந்தேன், அதனால் வயர் மேல் சந்தேகமே வரவில்லை. லைன் கொடுத்தவரைக் குறை சொன்னேன், ப்ளானை இரண்டு முறை ஏற்றினேன், ஆபீஸ் ஐடிக்குப் புகார் மேல் புகார். ஒரு நாள் ரவுட்டரிலிருந்து கேபிள் முனையைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுப் பின்களில் ஓரத்துப் பின் இரண்டும் தங்க நிறத்தில் இல்லை. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஜன்னலோரம் வைத்திருந்த ரவுட்டர், ஆனி ஆடியில் கச்சான் காற்று அள்ளி வரும் உப்புச் சாரல், மழைக்காலத்து ஈரம். மூன்றும் சேர்ந்து அந்தச் செம்பைத் தின்றிருந்தன. இணைப்பு முழுக்க அறுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அறாமல் தொட்டும் தொடாமலும் இருந்ததால்தான் ஒரு வருஷம் போனது. முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டதும் பாக்கெட் தொலைவது அன்றே நின்றது.

நம் கரையில் இது எல்லோர் வீட்டுக் கதையும்தான். தனுஷ்கோடி முதல் தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், கடலோர வீடுகளில் கேட் கீலே துருப்பிடித்து உதிரும்போது முடி கனத்துப் பின்கள் தப்புமா? வருஷத்துக்கு ஒரு தடவை முனைகளைக் கழற்றிப் பாருங்கள். ரவுட்டரை ஜன்னலோரம் வைக்காதீர்கள். இன்னொரு சோதனை: லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டும். எட்டு இழையில் ஒன்று கெட்டாலும் அது 100க்கு இறங்கிவிடும், சில சமயம் 10க்கும். ரவுட்டரின் போர்ட்டே 100 வரைதான் என்றாலும் 100தான் காட்டும், அது கோளாறு இல்லை. 10 என்று காட்டினால் அந்த கேபிளைக் குப்பையில் போடுங்கள்.

ஃபைபர் கண்ணாடி, அதற்குக் களிம்பு ஏறாது. ஆனால் வளைந்தால் வெளிச்சம் கசியும். பனைமரத்தையும் போஸ்ட்டையும் பிடித்துத் தொங்கிவரும் டிராப் கேபிள், காற்றில் ஆடி ஆடிச் சுவரின் மூலையில் மடங்கியிருக்கும். ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வாங்கும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரைக்கும் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் பெட்டி கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறது என்று பொருள், சிவப்பு விளக்கு எரியாவிட்டாலும் பாக்கெட் தொலையும். இந்த எண்ணைச் சொல்லி லைன்மேனைக் கூப்பிடுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார். "மைனஸ் 27 காட்டுது" என்று சொன்னால் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வருவார்.

நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். டிசிபி என்பது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ரசீது கேட்டு அனுப்பும் முறை. அதன் பழைய கணக்குப்படி, 1 சதவீதம் இழப்பும் 60 மில்லி செகண்ட் தாமதமும் சேர்ந்தால் ஒரு இணைப்புக்குக் கிடைப்பது சுமார் 2 எம்பிபிஎஸ். தாமதம் 30 ஆனால் 4 சொச்சம். இன்றைய முறைகளில் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் உங்கள் 6 எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு இந்தக் கணக்கு நல்ல தடயம்.

வீட்டுக்குள் எல்லாம் சுத்தம், ரவுட்டர் பிங் அலையில்லாமல் போகிறது, அப்போதும் விபிஎன் மட்டும் நொண்டுகிறது என்றால் விபிஎன்னின் உள்ளே பார்க்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது அது யுடிபியில் ஓடுகிறதா, டிசிபியில் ஓடுகிறதா என்பதைத்தான். யுடிபி என்றால் அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். டிசிபி ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்கும், தொலைந்தால் திரும்ப அனுப்பும். உங்கள் ஃபைல் ஏற்கெனவே டிசிபியில்தான் போகிறது. அதை இன்னொரு டிசிபிக்குள் வைத்துக் கட்டினால் ஒரு பாக்கெட் தொலைந்ததும் உள்ளே இருப்பதும் திரும்ப அனுப்பும், வெளியே இருப்பதும் திரும்ப அனுப்பும். ஒரு பெட்டி மீன் வரவில்லை என்று வியாபாரியும் லாரி ஆபீஸும் ஆளுக்கொரு பெட்டி மறுபடி ஏற்றினால் அடுத்த லோடு எங்கே நிற்கும்? வரிசை தேங்கி எல்லாமே நின்றுவிடும்.

விபிஎன் மென்பொருள்கள் பெரும்பாலும் யுடிபியைத்தான் முதலில் முயலும். வழியில் எங்காவது அடைத்திருந்தால் சத்தமில்லாமல் டிசிபிக்கு இறங்கிவிடும். உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வராது, 'கனெக்டட்' என்று பச்சையாகவே இருக்கும். சிஸ்கோ எனிகனெக்ட் (இப்போதைய பெயர் செக்யூர் க்ளையன்ட்) என்றால் விவரப் பக்கத்தில் டிடிஎல்எஸ் என்று இருக்க வேண்டும், வெறும் டிஎல்எஸ் என்றால் இறங்கியிருக்கிறது. க்ளோபல்ப்ரொடெக்ட் என்றால் ஐபிசெக் என்று இருக்க வேண்டும், எஸ்எஸ்எல் என்றால் இறங்கியிருக்கிறது. இதை ஹாட்ஸ்பாட்டிலும் பாருங்கள், வீட்டு லைனிலும் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் டிடிஎல்எஸ், வீட்டில் டிஎல்எஸ் என்று வந்தால் அடைப்பு உங்கள் ரவுட்டரிலோ லைனிலோ. சில ரவுட்டர்களில் தாக்குதல் தடுப்பு என்று ஒரு பகுதி இருக்கும், அதில் யுடிபி வெள்ளத்தைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. வேகமாக வரும் விபிஎன் பாக்கெட்டுகளை அது தாக்குதல் என்று நினைத்து வெட்டிவிடும். அந்த ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள், ஃபயர்வாலை முழுசாக அணைக்காதீர்கள்.

அப்புறம் பாக்கெட்டின் அளவு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறு ஆளைக் குழப்பிவிடும். ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ மீன் லோடு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தெர்மாகோல் பெட்டியின் அளவு மாறாது. வெளியூர் போகிற மீன் என்றால் ஐஸ் அதிகம் போட வேண்டும், அந்த அளவுக்கு மீன் குறைத்துத்தான் வைக்க முடியும். பெட்டி நிறைய மீனை அடுக்கிவிட்டு மேலே ஐஸையும் கொட்டினால் மூடி மூடாது. லைனில் ஒரு பாக்கெட்டின் அளவு 1500 பைட். பிபிபிஓஇ முறையில் பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணையும் லைன் என்றால் அதற்கே 8 பைட் போய் 1492. பி.எஸ்.என்.எல். ஃபைபரில் இந்த முறைதான். விபிஎன் அதற்குமேல் தன் பூட்டையும் முகவரியையும் ஒட்டும். வயர்கார்ட் என்ற விபிஎன் என்றால் 60 முதல் 80 பைட், அதனால்தான் அது தன் அளவை 1420 என்று வைத்துக்கொள்கிறது. மற்றவை பல 1300க்கும் 1400க்கும் நடுவில் வைக்கும். இந்தக் கணக்கு எங்காவது தப்பினால் பெரிய பாக்கெட்டுகள் வழியில் நின்றுவிடும், இல்லை இரண்டாக உடைத்து அனுப்பப்படும். உடைந்ததில் ஒரு பாதி தொலைந்தாலும் முழுசும் வீண்.

"இந்தப் பெட்டி பெரிசு, சின்னதாக அனுப்பு" என்று வழியில் உள்ள ரவுட்டர் சொல்லி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பேரில் அந்தச் செய்தியையே சில ஃபயர்வால்கள் தடுத்துவிடுகின்றன. அப்போதுதான் விசித்திரம். லாகின் ஆகும், சாட் போகும், பிங் போகும். பெரிய மெயில் இணைப்பு மட்டும் பாதியில் நின்றபடி சுற்றிக்கொண்டே இருக்கும். சின்னது எல்லாம் போய்ப் பெரியது மட்டும் தொங்கினால் இந்தக் கோளாறுதான் என்று முக்கால்வாசி முடிவு செய்யலாம்.

அளந்து பார்ப்பது எளிது. விபிஎன்னை நிறுத்திவிட்டு, கருப்புத் திரையில் பிங், இடைவெளி, சிறு கோட்டோடு எஃப், இடைவெளி, சிறு கோட்டோடு எல், இடைவெளி, 1472, இடைவெளி, 8.8.8.8 என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கடைசியில் இருப்பது கூகுளின் பொது சர்வர் முகவரி. எஃப் என்றால் உடைக்காதே என்று பொருள். 1472ஓடு தலைப்பு 28 சேர்ந்தால் 1500. பதில் வந்தால் லைன் முழு அளவையும் ஏற்கிறது. உடைக்க வேண்டும் என்று செய்தி வந்தால் 1464 போடுங்கள், அது 1492க்கான அளவு. 1464 போகிறது, 1472 போகவில்லை என்றால் உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்று பாருங்கள், 1500 என்று தவறாக இருந்தால் மாற்றுங்கள். பிறகு விபிஎன்னைப் போட்டு, ஆபீஸுக்குள் இருக்கும் ஒரு சர்வருக்கு இதே சோதனையை 1400லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் செய்யுங்கள். எந்த எண்ணில் பதில் வரத் தொடங்குகிறதோ அதைக் குறித்துவையுங்கள். லேப்டாப்பில் விபிஎன்னின் எம்டியுவை மாற்ற நிர்வாகி அனுமதி வேண்டும், அது ஐடி ஆட்கள் வேலை. எண்ணைக் கையில் கொடுத்தால் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

உங்கள் ஊரையும் கீழக்கரையையும் நினைத்தால் இன்னொரு சந்தேகம் எனக்கு வலுவாக வருகிறது. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ கத்தாரிலோ இருக்கிறார். ராத்திரி அவர் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வீடியோ காலில் உட்கார்ந்துவிடுவார். வாசல் கேமராவை அங்கிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் எடுத்த கல்யாண வீடியோ எல்லாம் அதே நேரத்தில் கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் மேலே ஏற்றும் பக்கத்தை நிரப்புகிற வேலைகள். ஏற்றும் பக்கம் நிரம்பினால் ரவுட்டர் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் வரிசையில் சேர்த்து வைக்கும். அந்த நீண்ட வரிசையின் கடைசியில் உங்கள் விபிஎன்னின் சின்ன 'வந்து சேர்ந்தது' ரசீது போய் நிற்கும். ரசீது தாமதமானால் இறங்கும் வேகமும் படுத்துவிடும்.

சாயல்குடிப் பக்கம் ஒரு தங்கச்சி வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். 8.8.8.8க்குப் பிங் ஓடிக்கொண்டிருந்தது, 18, 19, 18. அவர் அம்மா போனில் போட்டோ பேக்கப் தொடங்கிய அதே நொடியில் 240, 380, 410. பேக்கப்பை நிறுத்தினோம், திரும்ப 18. அன்றிலிருந்து பேக்கப் எல்லாம் விடிகாலை, சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று வைத்தோம். கேமராவின் தெளிவை ஒரு படி இறக்கினோம். ஒரு ரூபாய் செலவில்லை. நிரந்தரமாக வேண்டும் என்றால் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் வசதி உள்ள ரவுட்டர் வாங்கலாம், ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் கேக் என்ற முறை கிடைக்கும். அதில் உங்கள் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாகப் போட்டால் வரிசை ரவுட்டரின் கைக்குள் இருக்கும். ராத்திரி நேரக் கோளாறுக்கு லைனில் வரும் நெரிசலும் ஒரு காரணம்தான். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் ஃபைபரில் இறங்க 2.5, ஏற 1.25 கிகாபிட், அதை ஒரு ஸ்ப்ளிட்டரில் 32 வீடோ 64 வீடோ பங்கிடுகின்றன. ஆனால் வீட்டுக்குள் யாரும் எதுவும் ஏற்றாத நேரத்திலும் ராத்திரி 9 மணிக்குப் பிங் ஏறினால்தான் அந்தப் பழியை லைன் மேல் போட வேண்டும்.

லேப்டாப் பக்கம் சுருக்கமாக: சார்ஜரில் போட்டு, பேட்டரி மிச்சப்படுத்தும் நிலையை எடுத்துவிட்டுப் பாருங்கள். விபிஎன் ஓடும்போது செயலியின் பயன்பாடு நூறைத் தொட்டால் பூட்டுப் போடும் வேலைக்கே அது திணறுகிறது. ரொம்பப் பழைய லேப்டாப்பில்தான் இது வரும்.

ஆபீஸ் பக்கம் கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்று. எல்லாப் போக்குவரத்தும் விபிஎன் வழியாகப் போகிறதா, ஆபீஸுக்கானது மட்டும் போகிறதா? மீட்டிங்கின் வீடியோகூட உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வாசலுக்குப் போய், அங்கிருந்து வெளியே போய், அதே வழியில் திரும்பி வந்தால் குரல் உடையாமல் என்ன செய்யும்? 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபோது, டீம்ஸ் மாதிரிப் போக்குவரத்தை விபிஎன்னுக்கு வெளியே பிரித்து விடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே கம்பெனிகளுக்கு வழி சொன்னது. இதை ஸ்ப்ளிட் டனல் என்பார்கள். கம்பெனி அனுமதித்தால் உங்கள் மீட்டிங் பிரச்சினை பாதி தீர்ந்தது. அனுமதிக்கவில்லை என்றால் அதற்குப் பாதுகாப்புக் காரணம் இருக்கும். நீங்களாக ரூட்டை மாற்றுவது, இலவச விபிஎன் எதையாவது மேலே ஏற்றுவது எதுவும் வேண்டாம். வேலைக்கே வினையாகும்.

ஆக, இன்று ராத்திரி 9 மணிக்கு உட்காருங்கள். லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் ரவுட்டர் பக்கத்திலேயே வயரில் இணையுங்கள். கேபிள் முனையை மாட்டும் முன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். ரவுட்டருக்கு நூறு பிங், 8.8.8.8க்கு நூறு பிங், விபிஎன் வாசல் பதில் தந்தால் அதற்கும் நூறு. ஒவ்வொன்றிலும் எத்தனை தொலைந்தது, சராசரி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். விபிஎன் விவரப் பக்கத்தில் யுடிபியா டிசிபியா, வீட்டிலும் ஹாட்ஸ்பாட்டிலும். பாக்கெட் அளவுச் சோதனையில் வந்த எண். எக்செல் திறந்த நேரம், வயரில், வைஃபையில், ஹாட்ஸ்பாட்டில். வயரில் எல்லாம் சரியாக வந்துவிட்டால் மாடிக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள், கதை முடிந்தது. வராவிட்டால் அந்தத் தாளைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் போட்டு ஆபீஸ் ஐடிக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், எந்த வரியில் சிக்கல் என்று பார்த்துச் சொல்கிறேன்.